வேலியோரம் பத்துக் கல்

1

சென்ற வாரம் நான் ஒரு குப்பைத் தொட்டிக்குள் முழங்கை வரை கை விட்டேன். நாற்பத்தாறு வயதில், நர்ஸ் சீருடையில், மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அயர்லாந்தின் மேற்குக் கரையில், கடலும் மழையும் மாடுகளும் மட்டுமே உள்ள ஒரு ஊரில், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் இது நடந்தது. வெளியே எடுத்தது ஒரு பழைய பீங்கான் கோப்பை. அதைக் கழுவித் துடைத்து, எந்தக் கொக்கியில் அது தொங்கியதோ அதே கொக்கியில் திரும்ப மாட்டினேன்.

கோப்பை நோரீன் என்பவருடையது. வேளா வேளைக்குத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போனவர். இந்த நாட்டில் ஜனவரி வந்தால் குறைந்தபட்சக் கூலியை அரசாங்கம் உயர்த்தும். அறிவிப்புப் பலகையில் கடிதம் ஒட்டுவார்கள், நாங்களும் கூடி நின்று படித்துச் சந்தோஷப்படுவோம். அடுத்த வாரம் வேலை அட்டவணை வரும். முதல் ஜனவரியில் நோரீனின் மாலைச் சுற்று போயிற்று. அடுத்த ஜனவரியில் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மூன்றாவது ஜனவரியில் நடைபாதை மூலையில் ஒரு தேநீர் இயந்திரம் வந்து நின்றது. யாரும் நோரீனைப் போகச் சொல்லவில்லை. அவர் பெயருக்கு எதிரே கட்டங்கள் வெறுமையாகிக்கொண்டே வந்தன. ஒரு திங்கட்கிழமை பெயரும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த இயந்திரத்துக்கு வாய் உண்டு. யாராவது கடந்து போனால் ‘உங்கள் பானம் தயார்’ என்று பெண் குரலில் சொல்லும். சில சமயம் யாருமே கடக்காதபோதும் சொல்லும். நினைவு தப்பிய கிழவர்கள் தங்கள் அறைக்குள் இருந்தபடியே ‘நன்றி, நோரீன்’ என்று பதில் சொல்வார்கள். முதல் நாள் அதைக் கேட்டபோது மருந்துத் தட்டோடு திரும்பி நோரீனைத் தேடினேன். பழகிவிட்டது என்று எழுத ஆசைதான். பழகவில்லை.

கோப்பையை ஏன் எடுத்தேன் என்று மேனேஜர் கேட்டார். “எங்கள் ஊரில் ஒருவருடைய சாமானை இப்படி வெளியே போட மாட்டோம்” என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். இருபத்திரண்டு வருஷ ஆங்கிலத்தில் சர்க்கரை நோயை விளக்க முடிகிறது, இதை விளக்க முடியவில்லை. போதாததற்கு நான் சொன்னது பொய். எங்கள் ஊரில் போட்டோம். போடச் சொன்னதே நான்தான். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன், ஊரில் இருப்பவர்களுக்குத்தான் இது புரியும்.

2

நான் போளூருக்கு மேலே, ஜவ்வாது மலையில் பிறந்தவள். தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் எங்கள் ஊரில் புளிதான். அப்பா ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். ஊர்ப் புளியை வாங்கி, ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து, போளூர் மண்டிக்கு அனுப்புவார். கொட்டை எடுப்பது பெண்கள் வேலை. ஆளுக்கு ஒரு கல், ஒரு இரும்புத் துண்டு. புளியைக் கல்லில் வைத்துத் தட்டினால் சதை பிளந்து கொட்டை தெறிக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி.

இதைப் படித்து யாரும் உருக வேண்டாம். எனக்கு அந்த வேலை மேல் ஏக்கம் எதுவும் கிடையாது. புளிப்பு ஏறி விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். பள்ளி விடுமுறையில் தட்டியதில் நசுங்கிய இடது ஆள்காட்டி விரலின் நகம் இன்றும் கோணலாகத்தான் வளர்கிறது. முதலாளி மகள் என்றாலும் கல்லுக்கு முன்னால் எல்லோரும் ஒன்றுதான்.

கல் மட்டும் அவரவர் சொந்தம். ஓடையில் தேடி, தூக்கி வந்து, தட்டித் தட்டி நடுவில் குழி விழுந்து, அந்தக் கைக்கென்றே ஆகிவிட்ட கல். ஒருத்தி வேலையை விட்டால் தன் கல்லைத் தானே தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். தூக்கிப் போகாதவரை அந்த இடம் அவளுடையது. பிள்ளை பெறப் போயிருந்தாலும் சரி, பெங்களூர் கட்டட வேலைக்கு ஒரு வருஷம் போயிருந்தாலும் சரி, அங்கே இன்னொருத்தி உட்கார மாட்டாள். ஒருத்தியின் கல்லை அடுத்தவர் கை தூக்குவது ஒரே ஒரு சமயத்தில்தான், அவள் செத்துப்போனால். அன்றைக்குக் கூட வேலை செய்தவர்கள் அந்தக் கல்லை வெளியே கொண்டுபோய், வேலியோரம் குழி மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்து, மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுவார்கள்.

இதை நான் மறந்துபோனேன். நடந்ததெல்லாம் அதனால்தான்.

3

இங்கே வந்த புதிதில் என் நர்ஸ் படிப்பைப் பதிவு செய்ய ஒன்பது மாதம் ஆயிற்று. எனக்கு இனிஷியல்தான் உண்டு, விண்ணப்பமோ குடும்பப் பெயர் கேட்டது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து மின்கட்டணம், வரி நோட்டீஸ், பல் மருத்துவரின் நினைவூட்டல் எல்லாம் அப்பா பெயருக்குத்தான் வருகின்றன. அவர் இந்த நாட்டில் கால் வைத்ததில்லை. செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் வாரம் ஒரு கடிதமாவது அவரைத் தேடி வருகிறது.

அந்த ஒன்பது மாதமும் நான் கிழவர்களைக் குளிப்பாட்டும் உதவியாளர். முதல் சம்பளச் சீட்டை மழையில், பேருந்து நிறுத்தத்தில் நின்று படித்தேன். மணிக்கு இவ்வளவு, இதற்குக் கீழே எவனும் கொடுக்கக் கூடாது என்று சட்டம். படித்துவிட்டு அழுதேன். அப்போது நினைவுக்கு வந்தது வெள்ளச்சி. கொட்டகையில் என் பக்கத்துக் கல் அவளுடையது, என் வயதுக்காரி. சின்ன வயதிலேயே அவளுக்கு விரல் மூட்டு வீங்கிவிட்டது. மற்றவர்கள் இரண்டு கூடை முடித்தால் அவள் ஒன்று முடிப்பாள். நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுப் பாதிக் கூலியோடு எழுந்து போவாள். அவளுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு சீட்டு வேண்டும் என்று அந்த மழையில் நின்று நினைத்துக்கொண்டேன். நல்ல எண்ணம்தான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்பாவுக்குப் பிறகு கொட்டகை எனக்கும் என் தம்பி ஏழுமலைக்கும் பொது. நடத்துவது அவன். இரண்டு வருஷத்துக்கு முன் போனில் சொன்னேன்.

“ஏழுமலை, இந்தக் கிலோ கணக்கெல்லாம் வேணாம். சர்க்கார் சொன்ன தினக்கூலிய அப்படியே குடு.”

“அக்கா, வெலைய மண்டிக்காரன் சொல்றான். கூலிய சர்க்கார் சொல்லுது. நடுவுல நான் இன்னாத்த சொல்றது?”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். குடு.”

“சரிக்கா.”

அவன் அப்படிப்பட்டவன். சரி என்று சொன்னால் செய்துவிடுவான். அந்த வருஷம் எல்லோருக்கும் சட்டப்படி கொடுத்தான், கொட்டகை கையைக் கடித்தது. அடுத்த வருஷம் கொட்டை எடுக்கும் மெஷின் வாங்கினான். “பதினாலு கல்லுல நாலு தாங்கும்க்கா, அதுக்கு மேல முடியாது” என்றான். நான் வெள்ளச்சியைப் பற்றிக் கேட்டேன்.

“அவ கை ஓடலக்கா. எல்லாருக்கும் ஒரே கூலின்னா ஓடற கைக்குத் தானே குடுக்க முடியும்?”

மழை உண்டா என்று கேட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

போன ஜனவரியில், நோரீன் பெயர் காணாமல் போன அதே வாரம், அவன் வீடியோவில் கொட்டகையைக் காட்டினான். மெஷினைச் சுற்றி உட்கார ஆளில்லாத கற்கள் கிடந்தன. தேநீர் இடைவேளையில் அவனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். “அந்தக் கல்லெல்லாம் இன்னாத்துக்கு உள்ள கெடக்குது? லேபர் ஆபீசர் வந்தா பதினாலு பேர் வேலை செய்றாங்க, நாலு பேர தான் புக்குல காட்டறோம்னு நெனைப்பார். எடுத்து வெளிய வேலியோரமா வரிசையா வெச்சிடு.” பத்தொன்பது நொடி. இன்னும் போனில் இருக்கிறது. ஒரு நாள் கழித்து அவனிடமிருந்து பதில் வந்தது. “வேலியோரமாவாக்கா?” “ஆமாம்” என்று அனுப்பினேன். “சரிக்கா.”

அந்த ஒரு கேள்வியை அவன் கேட்டான். நான்தான் காதில் வாங்கவில்லை.

4

பிப்ரவரியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. மகள் அனுவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுக்குப் பதினேழு வயது. தமிழ் புரியும், பேசினால் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். அவள் அப்பாவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இதுவரை நாங்கள் ஊருக்குப் போனதெல்லாம் ஆகஸ்ட் மாதத்தில், அப்போது கொட்டகை பூட்டியிருக்கும். புளிக் காலத்தில் நான் ஊர்ப் பக்கம் போய் இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று.

சென்னை விமான நிலையத்தில் அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, “இது யாரு பேரும்மா, ஆம்பள பேரா இருக்குது?” என்றார். அப்பா பெயர் என்றேன். “அவர் வரலியா?” என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போளூரிலிருந்து கார் மலை ஏறிற்று. கடைசி வளைவில் கண்ணாடியை இறக்கினேன். அந்த இடத்தில்தான் முன்பெல்லாம் தட்டல் சத்தம் கேட்கத் தொடங்கும், ஓட்டு மேல் ஆலங்கட்டி விழுவதுபோல. இப்போது மெஷினின் ஒரே சீரான முனகல். அதற்கு அடியில், நன்றாகக் காது கொடுத்தால், தட்டல். எண்ண வேண்டாம் என்று நினைத்தும் எண்ணினேன். மூன்று கை.

வண்டி நின்றதும் முதலில் இறங்கியவள் அனு. எங்கள் மலையில் குள்ளர் வீடு என்று சொல்லும் பழங்கால ஈமக் கற்களை இணையத்தில் பார்த்து வைத்திருந்தாள். வேலிப் பக்கம் போனவள் அங்கிருந்தே ஆங்கிலத்தில் கேட்டாள், இதெல்லாம் யாருடைய கல்லறை என்று.

“கல்லறை இல்லடி. வேலைக் கல்லு” என்று சிரித்துக்கொண்டே போனேன்.

பத்துக் கல். நான் சொன்னபடி வரிசையாக, ஒழுங்காக. எல்லாம் குழி மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மணி எட்டிருக்கும், வெயில் ஏறிவிட்டது, மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, சுற்றிலும் மண் வெடித்துக் கிடந்தது. பத்துக் கல்லின் முதுகும் ஈரமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“யாரு ஊத்தனது?” என்று தம்பியிடம் கேட்டேன்.

“தெரியலக்கா. ஒரு மாசமா தெனமும் காலைல ஈரமா தான் இருக்குது” என்றான். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

5

கொட்டகையிலிருந்து போன பத்துப் பேரும் இப்போது அடிவாரத்தில் வேறொருவரின் கொட்டகைக்குப் போகிறார்கள். காலையில் ஒரு லோடு வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அங்கே சுவரில் கூலி அறிவிப்பு எதுவும் கிடையாது, அதிகாரி வந்தால் பெண்களைப் பின்பக்கம் அனுப்பிவிடுவார்கள். கிலோவுக்குத்தான் கூலி, அதுவும் அப்பா கொடுத்ததைவிடக் குறைவு. இதையெல்லாம் தம்பி சொன்னான்.

அன்று சாயங்காலம் வண்டி வரும் நேரத்துக்கு நான் பாதையில் போய் நின்றேன். பத்துப் பேரும் இறங்கினார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். நடுவில் வெள்ளச்சி, தலை நரைத்து, கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.

“வெள்ளச்சி!” என்றேன்.

அவர்கள் நடந்து வந்தார்கள். என்னை நெருங்கியதும் இரண்டாகப் பிரிந்து, என் இரண்டு பக்கமும் போய், மறுபடி ஒன்றாகச் சேர்ந்து நடந்தார்கள். பேச்சு ஒரு நொடி நிற்கவில்லை. ரேஷன் கடை பருப்பு பற்றி ஏதோ பேச்சு. ஒருத்தியின் கூடை என் தோளில் உரசியது, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் முகத்திலும் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் கடையில் அனுவுக்கு பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றது வெள்ளச்சி. ஒரு முழம் தூரம்தான்.

“நல்லா இருக்கியாடி? கை வலி எப்பிடி இருக்குது?”

வெள்ளச்சி கடைக்காரப் பெண்ணிடம், “இன்னா இன்னிக்குக் காத்து இப்பிடி அடிக்குது” என்று சொல்லி முந்தானையைப் போர்த்திக்கொண்டாள். காற்று இல்லை. கடை வாசலில் தொங்கிய பாக்கெட்டுகள் ஒன்றுகூட அசையவில்லை. கடைக்காரப் பெண் என்னையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள், எனக்குச் சில்லறையைக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் அனு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

“அம்மா, அவங்களுக்கு நீ செத்து போயிட்டியா?”

“இல்லடி. அவங்க தான் செத்துட்டாங்க. அப்படி நான் பண்ணிட்டேன்.”

சொன்னேனே தவிர, எனக்கே அது உறுதியாகத் தெரியவில்லை. அந்த ஊரில் அன்று என்னைப் பார்த்து நாய் குரைக்கவில்லை, ஆடு விலகவில்லை. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பீர்கள். பார்த்த பிறகுதான் சோறு இறங்கிற்று.

6

இதற்கெல்லாம் சட்டத்தைக் குறை சொல்லலாம். எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருக்கும் மூன்று பேரில் மூத்தவர் குப்பு அக்கா. அவர் தன் பெயர் உள்ள கூலிச் சீட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். “காய்ச்சல்னு ரெண்டு நாள் படுத்தேன். உன் தம்பி வந்து கேட்டானே தவிர திட்டல. இத்தினி வருசத்துல இது தான் மொத வாட்டி” என்றார். அதையும் நான்தான் கொண்டுவந்தேன். ஒரே கையால் மூன்று பேருக்குச் சீட்டும் பத்துப் பேருக்குக் கவிழ்த்த கல்லும். அனு பள்ளியில் பொருளாதாரம் படிக்கிறாள். கூலி உயர்ந்தால் வேலை குறையும் என்று ஒரு பாடமும், அப்படிக் கட்டாயமில்லை என்று இன்னொரு பாடமும் இருக்கிறதாம். தேர்வில் இரண்டையும் எழுத வேண்டுமாம். “மெதுவான கைக்கு என்ன போட்டிருக்குது?” என்று கேட்டேன். புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது தம்பி மேல்தான். கொட்டகைக்குள் நின்று கேட்டேன்.

“நாலு பேர்னு தானேடா சொன்ன? இங்க மூணு பேர் தானே இருக்காங்க?”

“எடம் நாலு இருக்குதுக்கா. கூலியும் வெச்சிருக்கேன். ஆளு வர்ல.”

“ஏன் வர்ல? பத்துப் பேர் அடிவாரத்துக்குப் போய் பாதிக் கூலிக்குச் சாவறாங்களே!”

“வந்து உக்காருங்கன்னு எல்லாரையும் கூப்ட்டேன். அந்த எடத்துல உக்கார மாட்டேங்கறாங்க.”

“அதான் ஏன்?”

அவன் தலையைக் குனிந்து கொட்டைகளைக் காலால் ஒதுக்கினான். “ஏன்னு உனக்கே தெரியும்க்கா.”

கல்லை வெளியே போட்ட கோபத்தைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சன்னலுக்குக் கீழே அந்த நாலாவது இடம் இருந்தது, கோணி போட்டு மூடி. அதன் பக்கம் நான் போகவில்லை.

7

கடைசிக்கு முந்தின நாள். விடிந்து ஆறு மணி இருக்கும், பனி இன்னும் கலையவில்லை. வேலியோரம் போய் நின்றேன். அனுவும் சால்வையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். பத்துப் பேர் கையிலும் சாப்பாட்டுத் தூக்கு, கூடவே ஒரு செம்பு. ஒவ்வொருத்தியும் தன் தன் கல்லுக்கு முன்னால் நின்று, குனிந்து, அதன் முதுகில் தண்ணீர் ஊற்றினாள். கல்லில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அனு என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

“நான் தான் எடுக்கச் சொன்னேன்” என்றேன். “வழக்கத்த மறந்துட்டேன். தப்பு என்னுது.”

யாரும் நிமிரவில்லை. எனக்குத் தாங்கவில்லை. குனிந்து வெள்ளச்சியின் கல்லைப் பிடித்துப் புரட்டப் போனேன். என் கை மேல் ஒரு கை விழுந்தது. வீங்கிய விரல்கள், சில்லென்று ஈரமாக.

“கைய எடு. ஒரு வாட்டி நீ தூக்கனது போதும்.”

ஐந்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“யாருடி இத்த ஊத்தச் சொன்னது உங்களுக்கு?” என்றேன், அழுதுகொண்டே.

“வெளிய போன கல்லுக்குத் தண்ணி ஊத்தணுமா வேணாமா? உசுரோட நடமாடறவளுக்கு ஊத்த ஊர்ல எவளுக்கும் கை வர்ல. அதான் எங்களுக்கு நாங்களே கவுத்து வெச்சி ஊத்திக்கினோம். வேற யாரு ஊத்துவா?”

“உள்ள வந்து உக்காருடி. நாலாவது எடம் சும்மா தானே கெடக்குது?”

“அது சும்மா கெடக்குதுன்னு யாரு சொன்னது?”

பத்துப் பேரும் அப்போது நிமிர்ந்து, முதல் முறையாக, ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

“போய்ப் பாரு” என்றாள் வெள்ளச்சி.

கொட்டகைக்குள் போனேன். குப்பு அக்காவும் மற்ற இருவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சன்னலுக்குக் கீழே கோணியை விலக்கினேன். ஒரு கல். துளி தூசி இல்லை. குழி துடைத்து வழவழப்பாக இருந்தது. இடது ஓரத்தில் ஒரு மூலை உடைந்திருந்தது. பன்னிரண்டு வயதில் ஓடையைத் தாண்டும்போது நான் கீழே போட்டதில் உடைந்த மூலை.

“வருசா வருசம் தை பொறந்தா மொதல்ல உன்னுத தான் தொடைப்போம்” என்றார் குப்பு அக்கா. “நீ சீமைக்குப் போறேன்னு சொன்ன. வேலைய உட்டுட்டேன்னு சொல்லல. கல்லையும் எடுத்துகினு போவல. அப்ப எடம் உன்னுது தானே?”

பதினாலு கல் என்று தம்பி சொன்னபோதெல்லாம் பதினாலு பெண்கள் என்று நினைத்திருந்தேன். பெண்கள் பதின்மூன்று பேர். பதினாலாவது நான்.

தம்பி வாசலில் நின்றிருந்தான். “உனக்கே தெரியும்னு நெனைச்சேன்க்கா. பத்துக் கல்ல எடுக்கச் சொன்ன, எடுத்தேன். அதுக்கே எனக்குத் தூக்கம் போச்சு. இத்தயும் எடுக்கச் சொல்லியிருந்தா செஞ்சிருக்க மாட்டேன்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சட்டப்படியான கூலியோடு ஒரு வேலை இரண்டு புளிக் காலமாகக் காலியாகக் கிடந்திருக்கிறது. இங்கே வேலை போன பத்துப் பேரில் யாராவது ஒருத்தி என் கல்லை நகர்த்தியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். ஒருத்திகூட நகர்த்தவில்லை. இருபத்திரண்டு வருஷம் அவர்கள் என்னை உயிரோடு வைத்திருந்தார்கள். நான் பத்தொன்பது நொடியில் அவர்களை வெளியே வைத்தேன்.

குனிந்து கல்லைத் தூக்கினேன். கனத்தது. அனு ஒரு பக்கம் பிடிக்க வந்தாள், குப்பு அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். கொட்டகை வாசலைத் தாண்டிய பிறகுதான் யோசித்தேன், வேலையை விடுகிறவள் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். எந்த வீட்டுக்கு? இது தம்பியின் வீடு. என் வீட்டுக்குப் போக விமானத்தில் எடை பார்ப்பார்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். பிறகு வேலியோரம் போய், வரிசையின் கடைசியில், குழி மண்ணைப் பார்க்கக் கவிழ்த்து வைத்தேன். பத்துப் பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் தடுக்கவில்லை.

“நீ போடி வெள்ளச்சி” என்றாள் ஒருத்தி. “அங்கயும் உன் கை ஓடல. வண்டி ஏறவே உனக்கு ஆள் புடிக்க வேண்டியிருக்குது.”

“அக்கா, அவ கை...” என்று தம்பி ஆரம்பித்தான்.

“மெதுவா தான் தட்டுவா. கூலி ஒண்ணு தான். கொறையறத என் பங்குல புடிச்சிக்கோ” என்றேன்.

“சரிக்கா.”

வெள்ளச்சி தன் கல்லைப் புரட்டினாள். மண்ணில் கிடந்த பக்கம் கறையான் ஏறியிருந்தது. முந்தானையால் துடைத்து, வயிற்றோடு அணைத்துத் தூக்கினாள். வேலிக்குப் போன கல் உள்ளே திரும்பி வருவதற்கு எங்கள் ஊரில் வழக்கம் எதுவும் கிடையாது, என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. தம்பி ஓடிப் போய் மெஷினை நிறுத்தினான். மூன்று பேரும் தட்டுவதை நிறுத்தி எழுந்து நின்றார்கள். அவள் சன்னலுக்குக் கீழே கல்லை இறக்கி, உட்கார்ந்து, ஒரு புளியை எடுத்து வைத்தாள். ஒரு தட்டு. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு தட்டு.

வெளியே வண்டி ஹார்ன் அடித்தது. மற்ற ஒன்பது பேரும் தூக்கை எடுத்துக்கொண்டு ஏறினார்கள். கடைசி வரை அவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

8

மறுநாள் காலை கிளம்பினோம். பெட்டிகளை ஏற்றிவிட்டு நான் தம்பி மனைவியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். திரும்பி வரும்போது வேலியோரம் எண்ணிப் பார்த்தேன். வெள்ளச்சியுடையது உள்ளே போயிற்று, என்னுடையது வெளியே வந்தது. பத்துக் கல். வந்த அன்றைக்கு எத்தனையோ, அத்தனையேதான்.

ஒன்பது பேரும் விடியும்போதே வந்து ஊற்றிவிட்டு வண்டி ஏறிப் போயிருந்தார்கள். வெயிலில் அந்த ஒன்பதும் பாதி உலர்ந்திருந்தன. கடைசிக் கல் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, அடியில் மண் இன்னும் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது.

உள்ளே வெள்ளச்சியின் தட்டல் கேட்டது, மெதுவாக, இடைவெளி விட்டு. அவளாக இருக்க முடியாது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை.

காரில் ஏறினேன். அனு சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். விமான நிலையம் வரைக்கும் குடிக்க என்று நான் நிரப்பிக் கொடுத்த பாட்டில் அவள் மடியில் காலியாகக் கிடந்தது. கை மணிக்கட்டு வரை ஈரம்.

வண்டி முதல் வளைவு திரும்பியதும் அவளாகவே, வெளியே பார்த்தபடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துச் சொன்னாள்.

“வேற யாரு ஊத்துவா, அம்மா?”